சந்தனம் குடித்த கால்குலேட்டர்

சந்தனம் குடித்தால் கால்குலேட்டருக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று ஒரு முழுக் காலைப்பொழுது நம்பியவன் நான். ஈரச் சந்தனமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து எங்கே மணந்தாலும் மற்றவர்களுக்குச் சாமி நினைவு வரும். எனக்கு இன்றைக்கும் அந்தக் கால்குலேட்டர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலியில் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம். பாபநாசம் அணையில் என்ஜினியராக இருந்த தாய்மாமா, தமக்கு இளவயதில் சிங்கப்பூரிலிருந்து வந்த சயன்டிபிக் கால்குலேட்டரை என் கையில் வைத்து, "வச்சுப் பழகு மருமவனே. சரஸ்வதி பூஜைக்கு மறுநா வாரேன். சேதாரமில்லாம இருந்தா ஒனக்கே. இல்லேன்னா திருப்பி வாங்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

சோப்புக்கட்டியின் கனம் இருக்கும். பொத்தானைத் தட்டினால் கறுப்புக் கண்ணாடிக்குள் எண்கள் சிவப்பாகக் கனியும். சைன், காஸ், டேன், லாக் எல்லாம் அதற்கு மனப்பாடம். அறுபத்தொன்பது என்று அடித்து ஆச்சரியக்குறி போட்ட பொத்தானை அழுத்தினால், ஒன்றிலிருந்து அறுபத்தொன்பது வரை எல்லாவற்றையும் பெருக்கப் புறப்பட்டுவிடும், கண்ணாடி இருண்டுபோகும், உள்ளே யாரோ கண்ணை மூடி யோசிப்பது போலிருக்கும். குறுக்குத்துறையில் தண்ணீர் எட்டாத படியில் உட்கார்ந்து, அக்கரை மருதமரத்தின் உயரத்தை அதில் கணக்குப் போடுவேன். கோணமும் என் கற்பனை, தூரமும் என் கற்பனை, விடை மட்டும் தசமம் பிசகாமல் வரும். தாமிரபரணி தன் பாட்டுக்கு ஓட, அதன் ஓரத்தில் சிவப்பு எண்கள் மினுங்க, உலகத்தில் அளக்க முடியாதது எதுவுமே இல்லை என்பது போன்ற ஒரு மயக்கத்தில் அந்தப் புரட்டாசி முழுக்க மிதந்தேன்.

பூஜையன்று எங்கள் வீட்டில் புத்தகத்தைத் தொடக்கூடாது. அம்மா புத்தக அடுக்கின் உச்சியில் கால்குலேட்டரைக் கிடத்தி, அதற்கு நெற்றி எது என்று சற்று யோசித்து, கண்ணாடிக்குக் கீழே தாராளமாக ஒரு சந்தனப்பொட்டு வைத்தாள். மறுநாள் விஜயதசமி. குளித்துவந்து நாலு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் வாசிப்பதற்குப் பதில் கால்குலேட்டரை எடுத்து, காய்ந்த சந்தனத்தை ஈரத்துண்டால் அழுத்தித் துடைத்து, சைன் முப்பது அடித்தேன். அரை என்று வரவேண்டும். மைனஸ் போட்டு, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஏதோ வந்தது.

காஸ் அறுபது அடித்தேன். அதுவும் அரைதான் காட்ட வேண்டும். அங்கேயும் ஒரு மைனஸ். கூட்டல் கழித்தலெல்லாம் சரியாக வந்ததுதான் இன்னும் பயங்கரம்: பள்ளிக்கூடப் பாடம் நினைவிருக்கிறது, மேல்படிப்பு மட்டும் அழிந்துவிட்டது! சந்தனம் உள்ளே இறங்கி, சைன் இருக்கும் இடமாகப் பார்த்து உறைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஊதினேன். மொட்டைமாடியில் வெயிலுக்குக் காட்டினேன். கடைசியில் சாம்பிராணிக்கு மேலே பிடித்துக்கொண்டு, கலைமகளிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஏலே, வாசிக்கச் சொன்னா பொட்டிக்குப் புகை போடுதியா?" என்றாள் அம்மா.

"சாமிக்குத்தாம்மா."

"அதுக்கு ஒன் மூஞ்சி ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

மத்தியானம் மாமா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "எங்கல நம்ம ஆளு?" என்றார். நான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் நீட்டினேன். "சந்தனம் உள்ள போயிட்டு மாமா. சைன் முப்பதுக்கு மைனஸ் காட்டுது."

அவரும் அடித்துப் பார்த்தார். அவர் முகமும் விழுந்துவிட்டது. "ஏக்கா, மிஷினுக்குப் போயி யாராவது சந்தனம் வைப்பாங்களா?"

"ஒன் ஜீப்புக்கு வருஷா வருஷம் அப்புதியே, அது ஓடலியா?"

மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். நகத்தால் எதையோ சுரண்டினார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். "கூறுகெட்ட பயலே, இங்கன பாரு."

மாமா இப்போது இல்லை. என் மகளின் செல்போனில் சைனும் காஸும் இருக்கின்றன. விரலில் பட்டு நகர்வதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். கோணத்தை டிகிரியில் எடுப்பதா, ரேடியன் என்ற வேறோர் அளவில் எடுப்பதா என்று மாற்ற, கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் குமிழ் உண்டு. சந்தனத்தைத் துடைத்த வேகத்தில் நான் அதை ரேடியனுக்குத் தள்ளியிருந்தேன். மாமா டிகிரிக்குத் தள்ளினார், அரை வந்தது. சாப்பிட்டு முடித்து, கால்குலேட்டரை என்னிடமே விட்டுவிட்டு, பாபநாசத்துக்குப் புறப்பட்டார்.