வானத்துக்கு ஒரு நிழல்

போடியில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். என் மைத்துனர் படுத்திருந்த அறையின் சன்னலில் மட்டும் தெரியாது. அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. குரங்கணிக்கு மேலே தம் ஏலத்தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் ஏறி இறங்கியவர் அவர். பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் முடங்கிய பின், மலைப்பாதையில் ஜீப்புப் பயணம் ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

சித்திரை பிறந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏலச்செடி முழு வெயிலைத் தாங்காது. முழு நிழலில் பூக்காது. ஆகவே மழைக்கு முன்பாக நிழல் மரங்களின் கொப்புகளைக் கழித்து, வேண்டிய அளவு ஒளியைக் கீழே இறக்குவார்கள். எந்தக் கொப்பைக் கழிப்பது என்பதை அவர் ஒருபோதும் பிறர் பொறுப்பில் விட்டதில்லை. எதிர்ச்சரிவுப் பாறையொன்றில் நின்று, தோட்டம் முழுவதையும் ஒருமுறை பார்த்த பின்னரே அரிவாளை எடுக்கச் சொல்வார்.

“கண்ணுல பாக்காத காட்ட வச்சுக்கிட்டு என்ன செய்ய, மாப்ளே? குத்தகைக்குக் கேக்குறாக. குடுத்துரலாம்னு இருக்கேன்,” என்றார் ஒருநாள்.

அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுவந்த என் மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தோட்டத்தைக் கைவிட்டால் அவர் எழுந்து நடக்கும் எண்ணத்தையும் கைவிட்டுவிடுவார் என்ற அச்சம் எங்கள் இருவருக்கும் இருந்தது.

“கொஞ்சம் பொறுங்க மச்சான். நான் போயிப் படம் எடுத்துட்டு வர்றேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க,” என்றேன்.

என்னிடமிருந்த நிழற்படக் கருவி அவர் தந்ததுதான். கல்லூரியில் தமிழ் கற்பித்து நான் ஓய்வு பெற்ற அன்று, “புத்தகத்துல மலையப் பாத்ததெல்லாம் போதும் மாப்ளே,” என்று சொல்லி என் கையில் வைத்தார். மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் மலையைப் பாராதிருந்த எனக்கு, முதுமையில் கிடைத்த விடியற்காலைகள் அனைத்தும் அந்தக் கொடையின் பயன்.

தோட்டத்துக் காவலர் கைபேசியில் அனுப்பிய படங்களை அவர் முன்னரே தள்ளிவிட்டிருந்தார். கைபேசி தானாகவே இருட்டை வெளுக்கச் செய்து, வானத்தை மங்கச் செய்து, எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாக்கித் தந்தது. “கல்யாண மண்டபம் மாதிரியில்ல இருக்கு! நெழலே இல்லாத படத்துல நெழல எங்கிட்டுப் போயிப் பாக்க?” என்பது அவர் தீர்ப்பு.

என் முதல் முயற்சியும் தேறவில்லை. அந்தத் தோட்டம் மேற்கு நோக்கிச் சாய்ந்த மடிப்பில் இருக்கிறது. காலையில் கதிரவன் அதன் முதுகுக்குப் பின்னால் எழுவான். இலைகளின் இடையே இறங்கும் ஒளியை எடைபோட ஏற்ற வேளை அதுவே. ஆனால் வானத்துக்கு ஏற்பக் கருவியை அமைத்தால் சரிவு கருகியது. சரிவுக்கு ஏற்ப அமைத்தால் வானம் வெறுந்தாளாயிற்று.

“மலையக் கொண்டாரச் சொன்னா கரிமூட்டையக் கொண்டாந்திருக்கீக,” என்றாள் என் மனைவி.

இதற்கென்றே ஒரு கண்ணாடி உண்டு. கடைகளில் அதை கிராஜுவேட்டடு ஃபில்டர் என்பார்கள். நான் படிநிழல் கண்ணாடி என்று சொல்லிக்கொள்கிறேன். அதன் மேற்பாதி கறுத்தும் கீழ்ப்பாதி தெளிந்தும் இருக்கும். கருவியின் முன் ஒரு சட்டத்தில் செருகி, கறுத்த பாதி வானத்தின் மேல் விழுமாறு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். சரிவின் ஒளி குறையாது. வானத்தின் ஒளி மட்டும் அடங்கும். செடிக்கு மரம் செய்வதை வானத்துக்குக் கண்ணாடி செய்கிறது.

அதை வாங்க மதுரைக்குப் போனேன். கடைக்காரர் பல கண்ணாடிகளை விரித்து வைத்தார். நான் ஏலக்காய் தரம்பிரிக்கும் வீட்டில் பிறந்தவன். நிறம் ஆழ்ந்திருந்தால் தரம் உயர்வு என்பது எங்கள் ஊரில் கண்ணோடு பிறந்த கணக்கு. கேள்வியே இல்லாமல், இருப்பதிலேயே கறுத்ததை, கறுப்பும் தெளிவும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து நின்றதைப் பொறுக்கி எடுத்தேன். “இது ரொம்ப டார்க்கு சார்,” என்று அவர் இழுத்ததை, விற்காமல் கிடக்கும் வேறொன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

எடுத்துவந்த படத்தை மைத்துனர் இடக்கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏன் மாப்ளே, நம்ம மரத்துக்கெல்லாம் தலைக்குச் சாயம் பூசிவிட்டியா?”

உண்மைதான். கண்ணாடியின் கோடு நிழல் மரங்களின் நடுவே விழுந்திருந்தது. கோட்டுக்கு மேலிருந்த கிளைகள் அனைத்தும் ஒரே கறுப்பு. எந்தக் கொப்பைக் கழிப்பது என்று அவர் தேட வேண்டிய இடத்தையே நான் மறைத்துவிட்டிருந்தேன். வானமோ சரிவைவிட இருண்டு, அடைமழைக்கு முந்திய பொழுதுபோல் இருந்தது.

“குத்தகைக்காரரு வெள்ளிக்கெழம வர்றேன்னிருக்காரு,” என்றார், படத்தைக் கீழே வைத்துவிட்டு.

மறுநாளே முதல் பஸ்சில் மதுரை சென்றேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் குத்திக்காட்டவில்லை.

“சார், இது ராமேஸ்வரம் போறவங்க வாங்குறது. கடலுக்கு மேல ஆகாசம் கோடு கிழிச்ச மாதிரி நிக்கும். உங்க மலையில ஏது சார் கோடு? மரமும் முகடுமால்ல இருக்கும்!”

மேடுபள்ளமான இடத்துக்கு, கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்து தெளிவில் கலக்கும் கண்ணாடியே உகந்தது என்றார். எவ்வளவு கறுப்பு என்பதற்கும் வழி சொன்னார்: வானத்தின் ஒளியையும் சரிவின் ஒளியையும் கருவியால் தனித்தனியே அளந்து, வேறுபாடு எத்தனை படி என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். அந்த வேறுபாடு முழுவதையும் அழித்துவிடக் கூடாது. வானம் சரிவைவிடச் சற்றே வெளுத்திருந்தால்தான் கண் நம்பும். மலையில் நான் எடுத்த படங்களின் அளவுகள் கருவியிலேயே பதிந்திருந்தன. மூன்று படி வேறுபாடு இருந்தது. இரண்டு படி குறைக்கும் கண்ணாடி போதும் என்று முடிவு செய்தோம்.

அத்தகையவை இரண்டு இருந்தன. இம்முறை என் ஊர்க்கண்ணுக்கு உரிய வேலை கொடுத்தேன். மைத்துனர் தோட்டத்து ஏலக்காய் சிலவற்றைச் சட்டைப்பையில் கொண்டு போயிருந்தேன். அவற்றைக் கடை வாசலில் வெள்ளைத்தாளின் மேல் பரப்பி, ஒவ்வொரு கண்ணாடியின் கறுத்த பாதி வழியாகவும் பார்த்தேன். ஒன்றில் பச்சை செந்நீலம் பாய்ந்து வாடியது. மற்றொன்றில் பச்சை மங்கியது; ஆயினும் பச்சையாகவே இருந்தது. அதையே கொடுக்கச் சொன்னேன். பயன்படுத்திய பழைய கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை; ஆனாலும் எடுத்துக்கொண்டார். ஏலக்காயையும் கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டில் பாயசம் என்று.

வியாழன் விடியலில் எதிர்ச்சரிவின் அந்தப் பாறைமேல் நின்றேன். மெல்லிய மேகம் முகட்டில் படர்ந்திருந்தது. கண்ணாடியை விரல் நுனியால் சிறிது சிறிதாக இறக்கினேன். கருவியின் திரையில் வானம் தணிந்து, மேகத்துக்கு வடிவம் வந்தது. மரங்களின் உச்சி சற்று மங்கினாலும் கொப்பு கொப்பாகப் பிரிந்தது. அடியில் செடிகளின் மேல் கிடந்த ஒளித்துண்டுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. என் மைத்துனர் ஆண்டுதோறும் நின்று கண்டது இதைத்தான் என்று உணர்ந்தபோது, அவர் நின்ற இடத்தில் நிற்க வாய்த்ததை எண்ணி நெஞ்சு நிறைந்தது.

போடியில் பெரிய அளவில் அச்சிட்டு, மாலையில் கொண்டுபோய், சன்னலை மறைத்து நிறுத்தினோம். அவர் படத்தை ஓடையிலிருந்து முகடு வரை பார்த்தார். பிறகு தங்கையைத் தலையணையை உயர்த்தச் சொன்னார். இடக்கையை ஊன்றித் தாமே இன்னும் சற்று நிமிர்ந்தார்.

“அந்தா, ஓடைக்கு மேல நிக்கிற பலா. தெக்குப் பக்கத்துக் கொப்பு ரெண்டையும் எறக்கச் சொல்லு. கீழ செடியெல்லாம் மூச்சு முட்டிக் கெடக்கு. வடக்க ஒண்ணையும் தொட வேணாம், ஏற்கெனவே வெயிலு கொட்டுது.”

“சரிண்ணே,” என்றாள் என் மனைவி. “நாளைக்குக் குத்தகைக்காரரு வருவாரே?”

“வந்தா காப்பியக் குடுத்து அனுப்பு.” படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னார்: “கொப்பு எறக்குனதும் வெரசாப் போயி இன்னொண்ணு எடுத்துட்டு வா மாப்ளே. அதே கண்ணாடிய மாட்டிக்க.”