கூட்டில் குஞ்சு இருக்கும்வரை

பந்தயப் புறா வளர்க்கும் மீனவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் ஊர் தோணிரேவில் எங்கள் பெண் புறாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தொலைவில் திறந்துவிட்டு வீடு திரும்பவைக்கும் பந்தயத்தில் இரண்டு முறை முதலாவதாக வந்தது. கூட்டில் குஞ்சு இருக்கும்போதுதான் என் கணவர் அதை அனுப்புவார். குஞ்சை நினைத்துத் தாய் வேகமாகப் பறந்து வருமாம்.

போன மாதம் ஏரியில் காற்று மோசம். படகைக் கரையில் கட்டிப்போட்டவர், புறாவை மட்டும் பந்தயத்துக்காக ஓங்கோல் போகும் வண்டியில் ஏற்றினார்.

“இந்தக் காத்துல ஏன்யா அனுப்பற?” என்றேன்.

“குஞ்சு கீதுல்ல, எப்டியும் வந்துடும், போமே.”

வரவில்லை. குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது.

சண்டை வந்தால் நான் காட்டூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவேன். பிள்ளைகளை என்னோடு விடமாட்டார். என்னைக் கூப்பிடவும் வரமாட்டார். பொழுது சாய்வதற்குள் நானே திரும்பிவிடுவேன். பிள்ளைகள் என்றால் அவருக்கு அவ்வளவு உயிர் என்று இத்தனை வருடமும் பெருமைப்பட்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

நேற்று வேறொரு பெண் புறாவின் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“முட்ட வச்சிடுச்சிமே!”

பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.