ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த புள்ளிகள்

போன திங்கட்கிழமை ஒரு மனிதரைத் தேடினோம். கடலில் அல்ல... ஊர்காவற்றுறையில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் கம்ப்யூட்டர் அறையில்.

காணாமல் போனவர் எழுவைதீவு மீனவர் ஒருவர். எங்கள் கம்ப்யூட்டர் ரீச்சர் நிலானியின் அப்பா. முதல் நாள் மாலை "எஞ்சின் நிண்டு போச்சு" என்று, நின்ற இடத்தையும் போனில் சொன்னவர்தான். பிறகு தொடர்பே இல்லை. போரைக் கண்ட இந்தத் தீவுகளில் 'காணேல்லை' என்ற சொல்லை எவரும் லேசாகச் சொல்வதில்லை. ஏனென்று நான் எழுத வேண்டுமா?

காலையில் தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பியிருந்தன. இருட்டுவதற்கு முன் இன்னும் ஒரு தடவைதான் போகலாம். எந்தப் பக்கம் போவது?

நிலானியிடம் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் எழுதிய புரோகிராம் ஒன்று இருந்தது. படகு நின்ற இடத்தைக் கொடுத்தால், காற்றையும் நீரோட்டத்தையும் தாயக்கட்டை உருட்டுவது போல மாற்றி மாற்றிப் போட்டு, படகைத் திரும்பத் திரும்ப மிதக்க விட்டுப் பார்க்கும். அது சேரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி. ஆயிரக்கணக்கான தடவை மிதக்கவிட வேண்டும். அவருடைய லப்டொப்பில் அது முடிய மறுநாளாகிவிடும். கடல் மறுநாள் வரை பொறுக்குமா?

அதனால் அறையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் நெட்வேர்க் வழியாக வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. எல்லாத் திரைகளிலும் ஒரே பதில் — நெடுந்தீவுக்கு மேற்கே!

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இறங்குதுறையில் நின்ற நிலானியின் சித்தப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். எல்லாப் படகுகளும் மேற்கே போக ஆயத்தமாகின.

நிலானி மட்டும் திரையை விட்டு நகரவில்லை. திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சேர், அவையை மறியுங்கோ! எல்லா மிஷினின்ர புள்ளியும் ஒண்டுக்கு மேல ஒண்டா விழுந்திருக்கு. எல்லாத்துக்கும் ஒரே தொடக்க நம்பரைக் குடுத்திட்டன்."

"அதால என்ன பிள்ளை?" என்றார், இன்னும் என் போன் ஸ்பீக்கரிலேயே இருந்த சித்தப்பா. "எல்லாக் கொம்பியூட்டரும் ஒண்டைத்தானே சொல்லுது!"

"ஒண்டுதான் சொன்னது, சித்தப்பா. மற்றதெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது."

உருட்டலைத் தொடக்கிவைக்கும் எண் ஒன்றாக இருந்தால், எத்தனை மிஷினில் உருட்டினாலும் விழுவதும் ஒன்றுதானாம். அவசரத்தில் அதை மாற்ற மறந்துவிட்டார்.

ஒவ்வொரு மிஷினுக்கும் வேறு வேறு எண் கொடுத்து மறுபடி ஓட்டினார். "பொழுது படப் போகுது பிள்ளை" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். காத்திராமல் எல்லாரும் மேற்கே கிளம்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. முகநூலில் ஒருவர் போட்டதையே நூறு பேர் போட்டால், நூறு சாட்சி கிடைத்துவிட்டதென்று நம்புகிற ஆட்கள்தானே நாங்கள்?

இந்த முறை புள்ளிகள் கடலெங்கும் சிதறின. அடர்த்தியாக இரண்டு இடங்கள் — மேற்கே ஒன்று, நெடுந்தீவுக்குத் தெற்கே ஒன்று. ஆறுதலான அந்த ஒற்றைப் பதில் போய்விட்டது. படகுகள் இரண்டாகப் பிரிந்து போயின.

தெற்கே போனவர்கள்தான் அவரைக் கண்டார்கள். உதடு வெடித்து, பேச ஏலாமல்... ஆனால் உயிரோடு. முதல் படத்தில் அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இருக்கவில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் நிலானியின் அம்மா.

"அக்கா, நீங்கள் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர் எல்லோ?"

"ஓம் சேர். எங்கட ஆக்கள் எல்லாரும் அந்தோனியாரிட்டத்தான் கேட்டவை. வேற பக்கத்தாலயும் ஒராள் கேட்டுப் பாக்க வேணுமெல்லோ?"