செங்காந்தளுக்கு நான் காட்டிய வழி

விடியுமுன் காரைக்குடியிலிருந்து கிளம்பி, நானும் கணவரும் இன்று மலையேறினோம். தேடிப்போன செங்காந்தள் ஒரு பாறை இடுக்கில் பூத்திருந்தது. படமெடுத்து, மலையின் பெயரோடு உடனே பதிவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது கடப்பாரையும் சாக்குமாக இரண்டு பேர் எதிரே வந்தார்கள். ஒருவர் போனை நீட்டினார். அதில் நான் பதிவிட்ட பூவின் படம்.

"இந்தப் பூவ எங்குட்டுப் பாத்தீக? கெழங்கு நல்ல வெலைக்குப் போகும்."

பொய்யே வராத என் கணவர் வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன்.

"அங்குட்டு, சுனைக்குப் பின்னாடி," என்று எதிர்ப்பக்கம் கைகாட்டினேன்.

போன்காரர் என் முகத்தையே பார்த்தார். "நெசமாவா?"

"நாந்தானே படம் எடுத்தேன்!"

போய்விட்டார்கள். பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

படத்தை நீக்கிவிட்டேன். இனி 'அந்தப் பூ எங்கே?' என்று கேட்பவர்களுக்கும் அந்தச் சுனையைத்தான் காட்டுவேன்.