பின்னறைக்கு வந்த வைஃபை

என் மனைவி வளைகுடா நாடொன்றுக்கு நர்ஸ் வேலைக்குப் போன வருடம், மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் எங்கள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். அச்சகங்களுக்குப் புத்தகப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பது என் தொழில். முடித்ததைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து மலை இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு நெட் கடையிலிருந்து அனுப்பிவிட்டு வருவேன். வீட்டில் போன் சிக்னல் கிடையாது. மனைவியோடு பேச, மேலே ரோட்டுப் பாலம் வரை ஏறிப் போக வேண்டும். அங்கேயும் குரல் அறுந்து அறுந்துதான் வரும்.

ஒரு வழியாக எங்கள் பக்கமும் இன்டர்நெட் கேபிள் இழுத்தார்கள். மாட்ட வந்தவர் முன்னறைச் சுவரில் மோடத்தைப் பொருத்தி, தன் லேப்டாப்பை இணைத்துப் பார்த்து, நெட் வருகிறது என்றார். அந்த மோடத்தில் வைஃபை இல்லை, ரூட்டரை நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

நாமக்கல்லில் ரூட்டரும் நீளமான வயரும் வாங்கி வந்தேன். கம்ப்யூட்டர் இருந்தது பின்னறையில். நடுவில் தடித்த கல்சுவர். வயரை முன்ஜன்னல் வழியாக வெளியே விட்டு, சுவரை ஒட்டிக் கொண்டுபோய்ப் பின்ஜன்னலில் உள்ளே இழுத்தேன். ஒரு முனையை மோடத்திலும் மறுமுனையை ரூட்டரிலும் சொருகினேன். விளக்குகள் எரிந்தன. போனில் வைஃபையின் பெயர்கூட வந்தது. ஆனால் அதன் கீழே ‘இணையம் இல்லை’ என்று இருந்தது. கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். அதே வரிதான். கூப்பிட்டுக் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. மிளகுத் தோட்டத்துக்கு அந்தப்புறம் இருந்தவர்களும் வேலை தேடிக் கீழே போய்விட்டார்கள்.

பாலத்துக்குப் போய் மனைவியை அழைத்தேன். அன்று அவளுக்கு விடுமுறை. வயரை எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறேன் என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி வந்து, மஞ்சள் ஓட்டையில் என்றேன்.

“மஞ்சள்ல இல்லீங்க. தனியா நீலத்துல ஒண்ணு இருக்கும் பாருங்க, மோடத்துல இருந்து வர்ற வயரு அதுலதான் போகோணும். மஞ்சள்ல கம்ப்யூட்டரைச் சொருகுங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டு, மொதல்ல மோடத்தைப் போடுங்க. அதுல லைட்டு நிலையா நின்னப்புறம் ரூட்டரு.”

இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

“யாருமில்லீங்க. இங்க வந்த மொத வாரம் ரூம்ல நெட் இல்ல. கூட இருந்தவங்க டூட்டிக்குப் போயிட்டாங்க. நானே உக்காந்து மாத்தி மாத்திச் சொருகிப் பார்த்தேன். வந்ததும் உங்களுக்குத்தான் போன் அடிச்சேன். உங்களுக்குச் சிக்னல் இல்ல.”

போய்ப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நீலத்தில் சொருகியதும் வந்துவிட்டது. அன்று மாலை அவள் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன். இளைத்திருந்தாள். வீட்டைக் காட்டச் சொன்னாள். முன்னறைக்குப் போனால் கல்சுவர் தடுத்துப் படம் நின்றுவிடும் என்பதால் அடுப்படியை மட்டும் காட்டினேன். கழுவிக் கவிழ்த்திருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்ததும் போனை அங்கேயே பிடிக்கச் சொன்னாள்.

பிறகு தினமும் பேசினோம். கொஞ்ச நாளில் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் போனை வைக்க இருவருக்கும் மனம் வராது. அவள் துணி மடிப்பாள், நான் என் வேலையைப் பார்ப்பேன்.

ஒரு மதியம், இரவு டூட்டி முடிந்து வந்தவள் பேசிக்கொண்டே தூங்கிப்போனாள். திரையில் தலையணையின் ஓரமும் அவள் காதும்தான் தெரிந்தன. மூச்சுச் சத்தம் கேட்டது. இன்னொருவரின் மூச்சை அந்த அறையில் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. வேலையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் ரூட்டரும் அணைந்தன. போனில் அவள் காது மட்டும் அசையாமல் நின்று, பிறகு அதுவும் மறைந்தது. வெளியே காற்றுகூட இல்லை. பாலத்துக்குப் போய்க் கூப்பிடலாம்தான். தூங்குகிறவளை எழுப்புவதா என்று இருந்துவிட்டேன்.

மாலையில் கரண்ட் வந்ததும் அவளே கூப்பிட்டாள்.

“அசந்து தூங்கிட்டனுங்க. எப்ப கட்டாச்சு?”

“இப்பத்தான். நீ முழிக்கறதுக்குக் கொஞ்சம் முந்தி.”

“அப்ப அவ்வளவு நேரமும் கூடவேவா இருந்தீங்க?”

ஆமாம் என்றேன்.