எங்கள் வாசலுக்கு வராத பேய்கள்

இந்த வருஷம் ஹாலோவீன் கொண்டாடலாமா என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டபோது, என் கணவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. யார் யாரோ பேய்ப் படமும் பூசணிக்காய்ப் படமும் போட்டுச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். நான் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஓரிக்கைக்குப் போகிற சாலையில், வயலை மனையாக்கிக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும், பெரிய காஞ்சிபுரத்துத் தறி வீடுகளிலிருந்து தனிக்குடித்தனம் வந்தவர்களும் சேர்ந்து குடியிருக்கிறோம். என் கணவரும் கம்பெனிக்காரர்தான். ஆடி மாதத்தில் ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சாயங்காலம் வெள்ளைத் துணி சுற்றித்தான் வீட்டுக்கு வந்தார்.

குழுவில் கேட்டவள் எங்கள் தெருமுனை வீட்டுப் பெண். பெங்களூரில் அபார்ட்மென்டில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே வருஷா வருஷம் கொண்டாடுவார்களாம். இரண்டு நாள் கழித்து அவளே வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க பேய் வேஷம் போட்டுக்கினு மிட்டாய் கேட்டு வீடு வீடா வருவாங்க. உங்க வாசல்ல அப்படி வந்து நின்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அதான், உங்க வீட்ட விட்டுட்டுப் போவச் சொல்லியிருக்கேன்."

"எங்க பாப்பா அவங்களோட போவலாமில்ல?" என்றேன்.

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க மாமியார்தான்... வருஷம் திரும்பலியே, அதுக்குள்ள எப்படி எல்லார் வீட்டுப் படியும் ஏறுவாங்கன்னு கேக்கறாங்க."

அவள்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் முடிந்த தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. முறுக்கும் அதிரசமும் தெருவில் எல்லார் வீட்டிலிருந்தும் வந்தன. முதல் தட்டை எடுத்துவந்தவள் அவள்தான். பேய் வேஷம் போடுவதும் பண்டிகையில் சேர்த்தியா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அன்று முழுக்கத் தவித்தேன். இரண்டாவது படிக்கிறாள். அவளே பேச்சை எடுத்தாள்.

"நான் போவல மா."

"ஏன்டா தங்கம்?"

"ஸ்கூல்ல மிஸ் சொன்னாங்க. அன்னிக்கு செத்துப்போனவங்கல்லாம் அவங்கவங்க வீட்டுக்கு வருவாங்களாம். நான் வெளிய போய்ட்டா, அப்பா வரும்போது யாரு கதவு தொறப்பாங்க? நீ கிச்சன்ல இருப்ப, உனக்குக் கேக்காது."

அது வெளிநாட்டுக் கதை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்காகக் காத்திருப்பதற்கென்று அவளிடம் இருந்த ஒரே நாளும் போய்விடும். தலையை ஆட்டிவைத்தேன்.

ஹாலோவீன் அன்று சாயங்காலம் தூறல் போட்டது. அவள் தானே தலை சீவிக்கொண்டு, அப்பா வாங்கிக் கொடுத்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டாள். தட்டில் கடலை மிட்டாயை எடுத்து வைத்தாள். அது அவருக்குப் பிடித்தது. வாசல் விளக்கைப் போட்டு, கதவை அகலத் திறந்து, படியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன்.

பிள்ளைகள் தெருமுனையிலிருந்து வரத் தொடங்கினார்கள். படுக்கை விரிப்பைக் கண்ணுக்கு ஓட்டை போட்டுப் போர்த்தியிருந்தார்கள். முகத்தில் பவுடரும் உதட்டில் குங்குமமும் மழையில் கரைந்து வழிந்தன. பின்னால் அம்மாக்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து, "இன்னா கோயிலுக்கு வசூல் பண்றீங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஆளுக்கொரு வாழைப்பழம் எடுத்துவந்து கொடுத்தார். தெருவே சிரித்தது. என் மகளும் சிரித்தாள்.

எங்கள் வீட்டுக்கு முந்தின வீடு வரை வந்தார்கள். அதன்பின் கூட்டம் அப்படியே எதிர்ப்புறம் சாய்ந்து நடந்தது. கொம்பு வைத்த சின்னப் பெண் ஒன்று மட்டும் விளக்கைப் பார்த்துவிட்டு எங்கள் கேட்டை நோக்கி ஓடிவந்தது. "ஏய், அங்க இல்ல! இங்க வா!" என்று அதன் அம்மா கத்தினாள். கத்திய பிறகுதான் என்னைப் பார்த்தாள். குடையைத் தாழ்த்திக்கொண்டு பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நம்ம வீட்ல நெஜமான பேய் இருக்குதுன்னு பயப்படறாங்களா மா?"

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

சத்தமெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்ட பிறகு, எதிர்வீட்டு அக்கா மழையில் தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஜாக்கெட் தைக்கிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர். பேய் வேஷம் தங்களுக்கு ஆகாது என்று அன்று விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தார். எங்கள் விளக்கு எரிவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"யாருக்கு கண்ணு உக்காந்துக்கினு இருக்கற?"

"அப்பாவுக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். அவருடைய வீட்டுக்காரர் போய் நாலைந்து வருஷமாகிறது. ஈரப்படியிலேயே உட்கார்ந்தார்.

"வரமாட்டாரு கண்ணு. எங்க வீட்டுக்காரரும் வந்ததில்ல. அவங்களால வர முடியாது. நாமதான் போய்ப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை எங்களுக்குக் கல்லறைத் திருநாள். நான் போவேன்."

"நானும் அப்பாவப் போய்ப் பாக்கணும். எங்க இருக்காரு?"

நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கும் தெரியவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் எங்களில் இல்லை. தெருமுனை வரைதான் நான் நடந்தேன். மறுநாள் கொழுந்தன் அஸ்தியைத் திருமுக்கூடலில் கரைத்துவிட்டு வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அண்ணி" என்றார். எந்தப் படி, எந்தத் தண்ணீர் என்று நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு திருமுக்கூடலுக்குப் பஸ் ஏறினேன். வருஷம் திரும்பாமல் ஆற்றங்கரைக்குப் பிள்ளையை இழுத்துப்போகிறாயே என்று என் அம்மா போனில் சத்தம் போட்டாள். போகும் வழியில் கல்லறைத் தோட்டத்தின் வெளியே மெழுகுவர்த்தியும் சாமந்தியும் விற்றார்கள். மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாலாற்றுப் பாலத்தில் இறங்கினோம். வருஷம் முழுக்க மணலாய்க் கிடக்கிற ஆற்றில் அன்று செம்மண் நிறத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்கவிடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். காவலுக்கு நின்றவர், "பாலத்துலயே நின்னு பாத்துட்டுப் போங்கமா. தண்ணி எப்ப ஏறும்னு சொல்ல முடியாது" என்றார்.

"எங்க மா?" என்றாள் மகள்.

மூன்று ஆறு சேருகிற இடம் என்று கையைக் காட்டினேன். எது எந்த ஆறு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே தண்ணீராக இருந்தது. அவள் கைப்பிடிச் சுவர்மேல் மோவாயை வைத்து வெகுநேரம் பார்த்தாள். முள்செடியும் பிளாஸ்டிக் குடமும் உருண்டு போயின.

"இவ்ளோ வேகமா போவுதே. அப்பா இன்னும் இங்கயா இருப்பாரு?"

"இல்லடா" என்றேன். அவர் இறந்த பிறகு அவரைப் பற்றி அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவள் அழவில்லை. "பசிக்குது" என்றாள். பாலத்தின் மறுமுனையில் ஒரு கடையில் இட்லி இருந்தது. இரண்டு பேரும் மழைக்கு ஒதுங்கி நின்று சாப்பிட்டோம். அவள் என் இலையிலிருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. காஞ்சிபுரம் வரைக்கும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தாள்.