மொனோவாராவின் அணையாத திரை

டாக்காவின் மீர்ப்பூரில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஓய்ந்த கையோடு மின்சாரம் போய்விடும். மொனோவாராவின் பிழைப்பும் அதே வேளையில்தான் தொடங்கும். லண்டனில் பிறந்த வங்காளப் பிள்ளைகளுக்கு அவள் திரை வழியே தாய்மொழி கற்றுக்கொடுத்தாள். மின்சாரம் போனால், பேட்டரி செத்த மடிக்கணினி கண்மூடிவிடும். பாதிப் பாடத்தில் அறுந்து அறுந்து, இரண்டு குடும்பங்கள் விலகிவிட்டன. மிஞ்சியிருந்தது எட்டு வயது ருமானா ஒருத்திதான். அவள் தாயும் நேற்று சொல்லிவிட்டாள்: "இந்த ஞாயித்துக்கிழமையும் அறுந்துச்சுன்னா வேற டீச்சர் பாத்துக்கறோம், ஆபா."

கணவன் தொஃபஸ்ஸல் கணினியின் மூடியில் இருந்த மாடல் பெயரைச் சொல்லி ஒரு பேட்டரி வாங்கி வந்தான். அது பொருந்தவே இல்லை.

"அந்தக் கம்ப்யூட்டரை வித்துட்டு ஒரு தையல் மெஷின் வாங்கு. கரண்ட் போனாலும் காலால மிதிக்கலாம்," என்றாள் நாத்தனார் குல்ஷனாரா.

மொனோவாராவின் கண்கள் நிறைந்தன. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிறு காலையில் கணினியைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, செத்த பேட்டரியை வெளியே எடுத்தாள். அதிலிருந்த எண்ணைக் கைபேசியில் தேடியதும் உண்மை தெரிந்தது. அது மூடியில் இருந்த மாடலுக்கு உரியதே அல்ல! பழைய கணினிகள் வந்திறங்கும் ஊரில், உடைந்த மூடிக்குப் பதில் வேறொன்றின் மூடியை மாட்டி விற்பது வழக்கம். முகம் ஒருவருடையது, உடல் வேறொருவருடையது. பாவம், கணவன் முகத்தை நம்பிவிட்டான்.

பேட்டரியைத் துப்பட்டாவில் சுற்றி, கணினியையும் பையில் போட்டுக்கொண்டு கணினிக் கடைகள் நிறைந்த எலிஃபன்ட் ரோட்டுக்குப் போனாள்.

முதல் கடைக்காரன் சிரித்தான். "என்னக்கா, பொணத்துக்குக் கஃபன் துணி சுத்தின மாதிரி கொண்டு வந்திருக்கீங்க? மாடல் பேரைச் சொல்லுங்க, போதும்."

"பேரு பொய் சொல்லுது பாய். இதைப் பாத்துக் குடுங்க."

அவன் ஒன்றை எடுத்து வைத்தான். அளவு அச்சாக அதே. மொனோவாரா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பழையதில் 11.4 வோல்ட், புதியதில் 7.6.

"வோல்ட்டெல்லாம் யாருக்கா பாக்கறாங்க? மாட்டுங்க, ஓடும்."

"ஓடலைன்னா என் பொழப்பு ஓடிடும் பாய்," என்று எழுந்துவிட்டாள்.

அடுத்த கடையில் எண் ஒத்தது, வோல்ட் ஒத்தது, ஒயர் முனையும் அதே பக்கம். கொள்ளளவு மட்டும் கொஞ்சம் கூடுதல். மறுபடி கைபேசியில் பார்த்தாள். கொள்ளளவு கூடினால் தாங்கும் நேரம்தான் கூடும், மாறக்கூடாதது வோல்ட்தான்.

"இங்கயே மாட்டுங்க. சார்ஜரை உருவிட்டு ஓட விடுங்க," என்றாள்.

"சந்தேகமாக்கா? தங்கம் வாங்கற மாதிரி உரசிப் பாக்கறீங்களே!"

"எனக்கு இது தங்கத்துக்கும் மேல."

ஒரு தேநீர் குடித்து முடித்த பிறகும் திரை எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை பாங்கு ஓய்ந்தது. எதிர்பார்த்தபடி தெருவே இருண்டது. குல்ஷனாரா கதவோரம் வந்து நின்றாள். தொஃபஸ்ஸல் மூச்சை அடக்கிக்கொண்டான். இருட்டில் மொனோவாராவின் முகம் மட்டும் நிலவுபோல் மின்னியது. அவள் முன்னால் திரை எரிந்துகொண்டிருந்தது. கைபேசி தந்த இணையத்தில் ருமானா தெளிவாகத் தெரிந்தாள்.

"டீச்சர், ஏன் அங்க இருட்டா இருக்கு?"

"கரண்ட் போயிடுச்சு கண்ணு. நீ படி."

குழந்தை எழுத்துக் கூட்டி, தடுமாறி, தன் வாழ்வின் முதல் முழு வரியை வங்காளத்தில் படித்து முடித்தது. திரையில் பின்னாலிருந்து ருமானாவின் தாய் விசும்பும் ஒலி கேட்டது.

"ஆபா, அவ தம்பியையும் அடுத்த வாரத்திலேர்ந்து சேத்துக்கறீங்களா?"

மொனோவாரா கண்ணீர் வழியச் சம்மதமாகத் தலையாட்டினாள். பிறகு, "அடுத்த பக்கத்தைத் திருப்பு, ருமானா," என்றாள்.